ஆக்டிவ்எம்கியூ கிளாசிக் 6: 'நல்' வந்தால் பிழை ஆருடையது?

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்களுக்கு ஆசனம் பதியும் ஒரு சின்ன மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கவுன்டர், வெள்ளவத்தையில் ஒரு முகவர், இரண்டுக்கும் நடுவில் ஒரு மெசேஜ் கியூ. முகவர் பதிவது கியூவில் விழும். கவுன்டர் அதை ஒவ்வொன்றாக எடுத்து ஆசன வரைபடத்தில் குறிக்கும். ஜாவாவில் இப்படி ஒன்றை எழுத வெளிக்கிடுபவர்களின் கண்ணில் முதலில் படும் புரோக்கர்களில், அதாவது கியூவை நடத்தும் மென்பொருள்களில், ஒன்று அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூ. ஓடவிட்டுக் கொஞ்ச நாளிலேயே லொக்கில் விழத் தொடங்குவது நல் பொயின்டர் எக்ஸெப்ஷன், அதாவது 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பை (நல்) ஒரு பொருளாக எண்ணிப் பாவிக்கும்போது ஜாவா எறியும் பிழை. பெயரில்தான் நல், வரவு நல்வரவல்ல.

வேகம், கிளஸ்டர் பற்றியெல்லாம் வேண்டிய அளவு எழுதியாயிற்று. இந்த மதிப்பீடு ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது: நல் வந்து விழும்போது, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க இந்தப் புரோக்கர் எவ்வளவு கைகொடுக்கிறது? ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். புரோக்கர் நல்லது. அதன் கொடாநிலை (நாம் மாற்றாமல் விட்டால் இருக்கும்) அமைப்புகளில் சில, சின்னக் கடைக்குச் சரிவராதவை.

காசு இல்லை, அப்பாச்சி 2.0 உரிமம். 6.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. ஜாவா 17 இல்லாமல் ஓடாது. வகுப்புகளின் பாக்கேஜ் பெயரில் பழைய ஜாவாஎக்ஸ் போய் ஜகார்த்தா ஆகிவிட்டதால், பழைய கிளையன்ட் லைப்ரரியையும் ஸ்பிரிங் பூட் 3 ஃபிரேம்வொர்க்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். அப்படிக் கலந்தால் வருவது நல் பொயின்டர் அல்ல, வகுப்பைக் காணவில்லை என்ற வேறு பிழை. இன்னும் 5 வரிசைப் பதிப்பில் இருப்பவர்கள் 5.15.16, 5.16.7, 5.17.6, 5.18.3 ஆகியவற்றுக்குக் கீழே ஒன்றையும் வைத்திருக்க வேண்டாம். 2023 ஒக்டோபரில் வெளிவந்த சிவிஇ-2023-46604 என்ற பாதுகாப்பு ஓட்டை, புரோக்கரின் 61616 போர்ட் வெளியே திறந்திருந்தால் வெளியாள் கணினிக்குள் கட்டளை ஓட்டும் அளவுக்கு மோசமானது.

இனி நல். ஜாவாவில் மெசேஜ் அனுப்பி எடுப்பதற்கான பொது விதித்தொகுப்பான ஜேஎம்எஸ்ஸின்படி, ரிசீவ் என்ற மெதட்டுக்கு 1000 என்று டைம்அவுட் கொடுத்தால் அது ஒரு செக்கன் காத்திருக்கும். அதற்குள் மெசேஜ் வராவிட்டால் நல் திருப்பித் தரும். பிழை எறியாது. ரிசீவ்நோவெயிட் காத்திருக்காமலே நல் தரும். காத்திருக்கும்போது வேறொரு திரெட் கன்ஸ்யூமரை (கியூவில் இருந்து மெசேஜ் எடுக்கும் பொருளை) மூடிவிட்டாலும் நல்தான். ஆக, இந்த நல் ஒரு கோளாறு இல்லை, "ஒன்றும் வரவில்லை" என்ற பதில். அதை டெக்ஸ்ட்மெசேஜாக காஸ்ட் செய்தாலும் (வகை மாற்றினாலும்) ஜாவா ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் நல்லை எந்த வகைக்கும் காஸ்ட் செய்யலாம். அடுத்த வரியில் கெட்டெக்ஸ்ட் கூப்பிடும்போதுதான் வெடிக்கும். சந்தியில் ஒரு செக்கன் நின்று பார்த்துவிட்டு இன்றைக்கு பஸ் இல்லை என்று முடிவெடுத்ததுமல்லாமல், வராத பஸ்ஸில் ஏறக் காலும் தூக்கியது போல.

திருத்தம் ஒரு வரி: காஸ்ட் செய்யாமல் இன்ஸ்டன்ஸ்ஒஃப் கொண்டு பாருங்கள். ஜாவா 16 முதல் அதே வரியில் மாறிக்குப் பெயரும் வைக்கலாம். நல் அதில் தானாகவே தோற்றுப்போகும். ஆனால் எல்ஸ் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். அங்கே வருவது நல்லாகவும் இருக்கலாம், டெக்ஸ்ட் அல்லாத வேறு வகை மெசேஜாகவும் இருக்கலாம். வெள்ளவத்தை முகவரின் பக்கம் பைதனில் எழுதப்பட்டு, 61613 போர்ட்டில் ஸ்டொம்ப் என்ற மெசேஜ் நெறிமுறை வழியாக அனுப்புகிறது என்று வையுங்கள். அந்த லைப்ரரி உள்ளடக்க நீளத்தைத் தலைப்பில் சேர்த்து அனுப்பினால் ஆக்டிவ்எம்கியூ அதை பைட்ஸ்மெசேஜ் ஆக்கிவிடும். எல்ஸ் வெறுமையாக இருந்தால் ஒரு பயணியின் ஆசனம் சத்தமில்லாமல் காணாமல் போகும். நல்லுக்கு ஒரு கிளை, தெரியாத வகைக்கு இன்னொரு கிளை, இரண்டாவதில் கட்டாயம் லொக்.

இது எல்லோரும் சொல்வதுதான். தலையிடி தருவது அடுத்தது: புரோக்கரின் வலைக் கொன்சோலைத் திறந்தால் கியூவில் 40 மெசேஜ் நிலுவையில் நிற்கிறது, கவுன்டரிலோ ரிசீவ் திரும்பத் திரும்ப நல் தருகிறது. இப்படியானால் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கொனெக்‌ஷனுக்கு ஸ்டார்ட் கூப்பிட மறந்தது. செஷன், கன்ஸ்யூமர் எல்லாம் பிழையில்லாமல் உருவாகும், மெசேஜ் மட்டும் கைக்கு வராது. ஆக்டிவ்எம்கியூவுக்கு இங்கே ஒரு புள்ளி கூடக் கொடுக்கலாம். ஸ்டார்ட் ஆகாத கொனெக்‌ஷனுக்கு மெசேஜ் வந்து 500 மில்லிசெக்கன் கடந்திருந்தால், ஸ்டார்ட் கூப்பிட மறந்துவிட்டீர்களா என்று கிளையன்டே எச்சரிக்கை எழுதும். எல்லா லைப்ரரியும் இவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை எஸ்எல்எஃப்4ஜே என்ற லொக் இடைமுகம் வழியாகத்தான் வருகிறது. லொக்பாக் அல்லது லொக்4ஜே எதையும் சேர்க்காமல் புரோகிராமை ஓட்டினால் எஸ்எல்எஃப்4ஜே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால் பிழை தேடத் தொடங்குமுன் லொக் வருகிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.

இரண்டாவது, பிரீஃபெச். கியூவில் இருந்து ஒவ்வொரு கன்ஸ்யூமருக்கும் 1000 மெசேஜ் வரை ஆக்டிவ்எம்கியூ முன்கூட்டியே தள்ளிவிடும். இரண்டு கவுன்டர் இருந்து, முதல் கவுன்டர் காலையிலேயே திறந்திருந்தால், 40 மெசேஜும் அதன் நினைவகத்தில் போய் இருந்துவிடும். அங்கே ஆள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாலும் இரண்டாவது கவுன்டருக்கு நல்தான். கொன்சோல் அவற்றை இன்னும் நிலுவை என்றே எண்ணும், ஏனென்றால் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரவில்லை. செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் இடத்துக்கு 1000 சரி. நாளைக்குச் சில நூறு ரிக்கெட் பதியும் இடத்துக்கு இது பெரிய பிசகு, அரை மதிப்பெண்ணை வெட்டுவது இதற்காகத்தான். இணைப்பு முகவரியின் கடைசியில் கியூபிரீஃபெச் அளவை 1 ஆக்குங்கள். ரிசீவ் மட்டும் பாவிப்பவர்கள் 0 கூட வைக்கலாம், கேட்கும்போதுதான் புரோக்கர் ஒன்றைத் தரும். லிஸ்னர் (மெசேஜ் வரும்போது தானாகக் கூப்பிடப்படும் கோட்) பாவிப்பவர்கள் 0 வைக்கக்கூடாது. கிளையன்ட் அதை ஏற்காமல் பிழை எறியும்.

மூன்றாவது, செலெக்டர், அதாவது பண்பைப் பார்த்து மெசேஜை வடிகட்டும் நிபந்தனை. "வழித்தடம் = 'யாழ்-கொழும்பு'" என்று வடிகட்டி, அனுப்புபவர் அந்தப் பண்பை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தால் எதுவும் பொருந்தாது, எப்போதும் நல். இதை எழுத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்கக் கடினமானது இன்னொன்று. புரோக்கர் கியூவில் இருந்து கொடாநிலையாக 200 மெசேஜைத்தான் ஒரு பக்கமாக நினைவகத்துக்கு எடுக்கும். முன்னால் நிற்கும் 200ம் வவுனியா வழித்தடத்துக்கு உரியவையாக இருந்து, அவற்றை எடுக்க ஆள் இல்லை என்றால், பின்னால் நிற்கும் கொழும்பு மெசேஜ்களை செலெக்டர் பார்க்கவே மாட்டாது. புரோக்கர் அமைப்புக் கோப்பில் மாக்ஸ்பேஜ்சைஸ் என்பதைக் கூட்டலாம். அதைவிட, வழித்தடத்துக்கு ஒரு கியூ வைத்துச் செலெக்டரையே தவிர்ப்பது திறம்.

நான்காவது, ஆயுட்காலமும் கடிகாரமும். அனுப்புபவர் மெசேஜுக்கு 10 நிமிட ஆயுள் வைத்தால், காலாவதி நேரம் அனுப்பும் கணினியின் கடிகாரத்தைக் கொண்டுதான் கணிக்கப்படும். கவுன்டர்களில் இருக்கும் பழைய கணினிகளில் மதர்போர்ட்டின் சிஆர்2032 பற்றரி செத்திருந்தால், கரண்ட் போய் வரும்போது கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்படிப்பட்ட கணினி அனுப்பும் மெசேஜ் புரோக்கருக்கு வரும்போதே காலாவதி ஆனது. நிலையான (வட்டில் எழுதி வைக்கப்படும்) மெசேஜ் என்றால், சேர்க்க முடியாதவை போய்ச் சேரும் ஆக்டிவ்எம்கியூ.டிஎல்கியூ என்ற கியூவில் போய் விழும், கவுன்டருக்கு நல். இந்த வகையில் மட்டும் அப்படி வந்தவை நிலுவை எண்ணிக்கையில் ஏறவே ஏறாது, டிஎல்கியூவின் எண்ணிக்கைதான் கூடும், அதைக் கொண்டே அடையாளம் காணலாம். பற்றரியை மாற்றி நேர ஒத்திசைவைப் போடுங்கள், அல்லது புரோக்கரில் டைம்ஸ்டாம்பிங் பிளகினைச் சேர்த்து நேரத்தைப் புரோக்கரின் கடிகாரத்துக்கு மாற்றுங்கள்.

எந்த நல் என்று கண்டுபிடிக்க ஆக்டிவ்எம்கியூ 6 மறைமுகமாகவும் உதவுகிறது. அது ஜாவா 17ஐக் கட்டாயமாக்குவதால், 2020 செப்டெம்பரில் வந்த ஜாவா 15 முதல் கொடாநிலையாக இயங்கும் விளக்கமான நல் செய்தி உங்களுக்கும் கிடைக்கும். எந்த மெதட்டைக் கூப்பிட முடியவில்லை, எது நல்லாக இருந்தது என்று இரண்டையும் சொல்லும். ஒரே வரியில் மெசேஜ், அதன் பண்பு, அந்தப் பண்பின் நீளம் என்று மூன்று புள்ளி வைத்துச் சங்கிலி எழுதியிருந்தாலும் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியும். மாறியின் பெயருக்குப் பதில் லோக்கல்3 என்று வந்தால், ஜாவாசி கம்பைலரை வெறுமனே ஓட்டிக் கம்பைல் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கழித்தல் ஜி சேர்த்துக் கம்பைல் செய்தால் பெயர் வரும். மேவன், கிரேடில் என்ற பில்ட் கருவிகள் அதைத் தாங்களே சேர்த்துக்கொள்ளும்.

இரண்டு இடத்தில் அந்த விளக்கமும் கிடைக்காது. ஒன்று, யாராவது எழுதிய கோடே நல் பொயின்டரை வேண்டுமென்று எறிவது. ஒரு மெசேஜின் கோரிலேஷன்ஐடி (பதிலைக் கேள்வியோடு இணைக்கும் அடையாளம்) அனுப்பியவர் வைக்காவிட்டால் நல்லாக இருக்கும். அதைச் சாவியாக்கி கொன்கரன்ட்ஹாஷ்மாப்பில் புட் செய்தால், ஸ்டாக் ட்ரேஸின் (எது எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலின்) உச்சியில் நிற்பது ஜாவாவின் சொந்த வகுப்பு, விளக்கம் வெறுமை. ஜாவாவில் பிழை என்று எண்ண வேண்டாம். கீழே இறங்கி வந்து, உங்கள் பாக்கேஜ் பெயர் முதலில் வரும் வரியைப் பாருங்கள். லிங்க்ட்புளொக்கிங்கியூவும் இப்படித்தான், உள்ளே நல் போட்டால் எறியும், வெறுமையாக இருக்கும்போது போல் (poll) மெதட்டைக் கூப்பிட்டால் நல் தரும்.

மற்றது, ஸ்டாக் ட்ரேஸே இல்லாமல் எக்ஸெப்ஷன் பெயர் மட்டும் வரிவரியாக லொக்கை நிரப்புவது. கியூ கோடில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் ஒரே லூப் ஒரே பிழையை ஆயிரம் தடவை எறிகிறது. அடிக்கடி ஓடிச் சூடேறிய கோடை, ஜாவாவை இயக்கும் ஜேவிஎம் இயந்திர மொழியாக்கி, முன்பே செய்துவைத்த வெறும் எக்ஸெப்ஷனை எறியத் தொடங்கிவிடும். லொக்கில் மேலே போய் முதல் தடவை விழுந்ததைத் தேடுங்கள், அதில் முழு ட்ரேஸும் இருக்கும். லொக் சுழன்று அழிந்துவிட்டால், ஒமிட்ஸ்டாக்ட்ரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ என்ற ஜேவிஎம் அமைப்பைக் கழித்தல் குறி போட்டு அணைத்து மறுபடி ஓட்டுங்கள்.

மெசேஜ் வந்தும் உள்ளே நல் இருப்பது தனிக் கதை. டெக்ஸ்ட் வைக்காமல் அனுப்பிய டெக்ஸ்ட்மெசேஜின் கெட்டெக்ஸ்ட் நல் தரும். பதில் அனுப்ப வேண்டிய ரிப்ளைடூ, அனுப்பியவர் வைக்காவிட்டால் நல். பண்புகளில் ஒரு கோணல் இருக்கிறது: இல்லாத பண்பைச் சரமாகக் கேட்டால் நல், முழு எண்ணாகக் கேட்டால் நம்பர்ஃபோர்மட் பிழை, பூலியனாகக் கேட்டால் பேசாமல் பொய் என்று பதில். ஆசன எண்ணை ஒப்ஜெக்ட்டாக எடுத்து இன்டிஜராகக் காஸ்ட் செய்து இன்ட் மாறியில் போட்டால், எங்கும் புள்ளியே இல்லாத வரியில் நல் பொயின்டர் வெடிக்கும். பெட்டி பிரிக்கும் வேலையை ஜாவா மறைவாகச் செய்வதால் வருவது அது. மூன்றில் ஆபத்தானது பூலியன்தான், "காசு கட்டியாயிற்று" என்ற பண்பு வராவிட்டால் கட்டவில்லை என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பண்பு இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு எடுங்கள்.

வெடித்த பிறகு அந்த மெசேஜுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. ஓட்டோ அக்னொலெஜ் (பெற்றுக்கொண்டதாகத் தானாகவே பதில் அனுப்பும்) முறையில் ரிசீவ் கொண்டு எடுத்தால், ரிசீவ் மெசேஜைக் கையில் தரும்போதே புரோக்கருக்குப் பதில் போய்விட்டது. அதற்கு அடுத்த வரியில் நல் பொயின்டர் விழுந்தால் அந்தப் பதிவு போனது போனதுதான். டிஎல்கியூவில் தேடினாலும் கிடைக்காது. அதே கோடை லிஸ்னராக எழுதினால் எக்ஸெப்ஷன் வெளியே போகும்போது மெசேஜ் திரும்ப வரும்: ஒரு செக்கன் இடைவெளியில் இன்னும் 6 தடவை, முதல் தடவையோடு சேர்த்து 7. பிறகு டிஎல்கியூ. அந்த ஏறத்தாழ 6 செக்கனும் அந்தக் கன்ஸ்யூமரின் பின்னால் நிற்பவை காத்திருக்க வேண்டியதுதான். டிஎல்கியூவில் விழுந்ததைக் கொன்சோலில் திறந்தால் டிஎல்கியூடெலிவரிஃபெயிலியர்கோஸ் என்ற பண்பில் காரணம் எழுதியிருக்கும், நல் பொயின்டர் என்றால் அதுவும் அங்கே இருக்கும். இது நல்ல வசதி. குறை என்னவென்றால் எல்லாக் கியூவின் கழிவும் ஒரே டிஎல்கியூவில் விழுவது. கியூவுக்கு ஒன்றாகப் பிரிக்க அமைப்புக் கோப்பில் இன்டிவிஜுவல் டெட்லெட்டர் உத்தியைப் போட வேண்டும். நிலையற்றதாக அனுப்பியவை கொடாநிலையில் டிஎல்கியூவுக்கும் வராது.

அதனால் ரிசீவ் பாவிப்பவர்கள் செஷனைப் பரிவர்த்தனை முறையில் திறந்து, ஆசனம் குறித்து முடிந்த பிறகு கொமிட், பிழை என்றால் ரோல்பாக் என்று எழுதுங்கள். ஸ்பிரிங் பூட் பாவித்தால் லிஸ்னர் கொன்டெய்னர் பரிவர்த்தனையோடுதான் வருகிறது. ஸ்பிரிங்கை பூட் இல்லாமல் கையால் கட்டுபவர்கள் டிஃபோல்ட்மெசேஜ்லிஸ்னர்கொன்டெய்னரை ஓட்டோ அக்னொலெஜில் விட்டால், லிஸ்னர் ஓடுமுன்னரே பதில் போய்விடும். பரிவர்த்தனை முறையை இயக்கும் செஷன்ட்ரான்சாக்டட் என்ற பூலியனை மெய்யாக்க மறக்க வேண்டாம். ஸ்பிரிங்கில் ஜேஎம்எஸ்டெம்ப்ளேட்டே நல் என்று விளக்கம் வந்தால் கியூவைப் பார்க்கவே தேவையில்லை. அந்த வகுப்பை யாரோ நியூ போட்டு உருவாக்கியிருக்கிறார்கள், ஸ்பிரிங் அதைத் தொடவே இல்லை. கொன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கி ஃபைனல் ஆக்கினால் கம்பைல் நேரத்திலேயே பிடிபடும்.

மற்றப் புரோக்கர்களுக்கு மாறினால் நல் போய்விடுமா என்றால், இல்லை. ரபிட்எம்கியூவின் ஜாவா கிளையன்டில் பேசிக்கெட் வெறும் கியூவுக்கு நல் தரும். காஃப்காவின் போல் (poll) மெதட் நல் தராது, வெறும் தொகுப்பைத் தரும். அந்த விதத்தில் அது மேல், ஆனால் ஒரு பதிவின் மதிப்பு நல்லாக இருக்கலாம். ஹோர்னெட்கியூவில் இருந்து வளர்ந்த, ஆக்டிவ்எம்கியூவின் மற்றக் கிளையான ஆர்டெமிஸும் ஜேஎம்எஸ்தான், ரிசீவ் அதே மாதிரி. அங்கே முன்கூட்டித் தள்ளுவது எண்ணிக்கையால் அல்ல, 1 மெகாபைட் அளவால். அனுப்பிப் பார்ப்பது முதல் தடவையோடு சேர்த்து மொத்தம் 10 தடவை. பஸ் கவுன்டர் அளவு வேலைக்குக் கிளாசிக் போதும்.

நிறுவும்போது இரண்டு விஷயம். புரோக்கரின் கொடாநிலைச் சேமிப்பு எல்லை 100 ஜிகாபைட், தற்காலிகச் சேமிப்பு 50. சின்ன வட்டுள்ள கணினியில் இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி குறைத்துக்கொண்டு எச்சரிக்கை எழுதும், பயப்படத் தேவையில்லை, ஆனால் நீங்களே ஒரு 5 ஜிகாபைட் என்று எழுதிவிடுவது நல்லது. 8161 போர்ட்டில் வரும் கொன்சோல் இப்போது அதே கணினியில் இருந்து மட்டும்தான் திறக்கும். அதை வெளியே திறக்கப் போனால் அட்மின், அட்மின் என்ற கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள்.

கரண்ட் கட்டுக்கு இது தாக்குப்பிடிக்கும். நிலையான மெசேஜ் ஒன்றைப் பரிவர்த்தனை இல்லாமல் அனுப்பி, சென்ட் திரும்பி வந்தால் அது வட்டில் எழுதப்பட்டாயிற்று. புரோக்கரின் சேமிப்புப் பகுதியான காஹாடிபி திரும்ப எழும்பும்போது ஜேர்னலை வாசித்துத் தன்னைத் தானே சரிப்படுத்தும். லைன் அறுந்து வருவதற்கு இணைப்பு முகவரியை ஃபெயிலோவர் என்று தொடங்கி எழுதுங்கள், கிளையன்ட் தானாக மீண்டும் இணையும். மீண்டும் இணையும் வரை டைம்அவுட் வைத்த ரிசீவ் என்ன தரும் என்று இந்த இடத்தில் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் நல் வந்தால் லூப்பை நிறுத்தாமல் அடுத்த சுற்றுக்குப் போக விடுங்கள், தொடர்ந்து 60 நல் வந்தால் கவுன்டர் திரையில் இணைப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி காட்டுங்கள்.